உத்திராபதி வயல்ல எறங்குறதில்லை

பச்சைப் பசேல்னு இருக்குன்னு போன்ல யாருக்கோ சொன்னியே புள்ளை, பஸ்ஸுல ஜன்னலோரம்தானே உக்காந்திருக்கே, நல்லாப் பாத்துச் சொல்லு. அது நட்ட வயலா? வரிசை தெரியுதா? இங்க ஒரு கொத்து, அங்க ரெண்டு, நடுவுல சொட்டை. அது தெளிச்சது. காஞ்ச புழுதியில விதையத் தெளிச்சுட்டு வீட்டுல போய்ப் படுத்துக்குவானுவ. மழை பேஞ்சா மொளைக்கும், பேயலன்னா காக்கா தின்னும். கோழிக்கு நொய் போடுற மாதிரி. அதுக்குப் பேரு இப்ப விவசாயம்.

சிரிக்காத. தமாசுக்குச் சொல்லல நான்.

என் பேரு காத்தாயி. பனையங்காடு. திருத்துறைப்பூண்டிக்குத் தெக்கால, இன்னும் கொஞ்சம் போனா உப்பளம், அதுக்கப்புறம் கடலு. ஆத்துத் தண்ணி எல்லா ஊரையும் பாத்துட்டு மிச்சம் இருந்தா எங்க ஊருக்கு வரும். அந்த ஊருல முப்பது வருஷம் நடவுக்கு ஆள் கட்டினது நான்தான். என் கட்டுல இருபத்திரண்டு பொம்பளைங்க. யாரு வயல்ல என்னைக்கு எறங்கணும், எத்தனை பேரு போகணும், யாரு எந்தப் பக்கம் நிக்கணும், எல்லாம் நான் சொல்றதுதான். மேலத்தெரு சந்தானம் முப்பது ஏக்கர் வச்சிருக்கிற ஆளு. அவரே என் வாசல்ல வந்து நின்னு, என்னைக்குக் காத்தாயி வர்றேன்னு கேப்பாரு. பாக்கலாம்னு சொல்லி அனுப்புவேன். உண்மையிலேயே அப்படித்தான் சொல்லுவேன்.

கயிறு பிடிச்சு நடுறதெல்லாம் கை தெரியாதவளுக்கு. நாங்க கயிறு பிடிச்சதே கிடையாது. என் எடது பக்கம் அஞ்சுகம் நிப்பா. நான் ஒரு குத்து வச்சா அவ ஒரு குத்து வப்பா. அவ கையைப் பாத்து அடுத்தவ, அவளைப் பாத்து அதுக்கடுத்தவ. வரப்புல நின்னு பாத்தா சீப்பால வாரின மாதிரி இருக்கும். இருபத்தஞ்சு வருஷம் அவ என் எடது பக்கம்தான். சொந்தம் ஒண்ணும் கிடையாது, எதுத்த வீடு. நல்லவ. மூளை கம்மி. அவ மொகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன், அவளும் சிரிச்சுக்குவா.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆடி மாசம் வேளாண்மை ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வந்தாரு. பள்ளிக்கூடத்துல கூட்டம். சட்டையில மடிப்புக் கலையல, செருப்புல சேறு இல்ல. காலநிலை மாறிடுச்சு, மழை முன்ன மாதிரி பெய்யுறதில்ல, பேஞ்சா நாலு நாள்ல மொத்தத்தையும் கொட்டிட்டுப் போயிடுது, ஆத்துத் தண்ணி லேட்டா வருது, அதனால நாத்து விட்டு நடுறதுக்குக் காத்துக்கிட்டு இருக்காதீங்க, ஆவணியிலயே புழுதியில வெதச்சுடுங்க, ஐப்பசி வெள்ளம் வர்றப்போ பயிரு தண்ணிக்கு மேல தலைய நீட்டிக்கிட்டு நிக்கும்னாரு. தண்ணிக்குள்ள கெடந்தாலும் பத்துப் பதினஞ்சு நாள் தாங்குற வெதை ஒண்ணு இருக்குதாம், அதையும் தர்றேன்னாரு. ஆம்பளைங்க எல்லாம் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தானுவ. மழை மாறினது அவரு வந்து சொல்லித்தான் தெரியணுமா? முப்பது வருஷமா அது என் முதுகுல பேஞ்சுக்கிட்டு இருக்கு.

நான் எழுந்திரிச்சுக் கேட்டேன். சார், அப்ப நடவு இல்லன்னா நாங்க என்ன பண்றதுன்னு. களையெடுப்பு இருக்கும்மா, மொளைக்காத எடத்துல இட்டு நிரப்புற வேலை இருக்கும்மான்னாரு. நிரப்புறதாம். கல்யாணத்துக்கு சமைக்கிறவளைக் கூப்பிட்டு எலை பொறுக்கச் சொல்ற மாதிரி. நான் பாதியிலேயே வந்துட்டேன். என் பின்னாலயே இருபத்தொரு பேரும் எழுந்து வந்தாளுவ. அன்னைக்கு அந்த சாரு மொகத்தை நீ பாத்திருக்கணும்.

ஊருல யாரும் வெதைக்கல. உத்திராபதி ஒருத்தன்தான் வெதச்சான்.

உத்திராபதிக்கு ஆறு ஏக்கர். ஒல்லியா, கூனின மாதிரி இருப்பான், பேச்சு வராது, கடையில டீ குடிச்சாக்கூட ஓரமா நின்னு குடிப்பான். அதுக்கு முந்துன ரெண்டு வருஷமும் அவன் நடவு முங்கி அழுகிப்போச்சு. யாருக்குத்தான் அழுகல? எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு அடுத்த வருஷம் நட்டாங்கல்ல? இவன் பயந்தாங்கொள்ளி. ஆவணி பாதியில டிராக்டரை விட்டுப் புழுதியா ஓட்டி, அந்த ஆபீசரு கொடுத்த வெதையத் தெளிச்சுட்டான். நாங்க ரோட்டோட போறப்ப நின்னு வேடிக்கை பாத்தோம். அஞ்சுகம்கூடக் கேட்டா, ஏக்கா, மொளைக்குமான்னு. மொளைக்கும், கோரை மொளைக்கும்னேன். எல்லாரும் சிரிச்சாளுவ.

நான் சொன்னதுதான் நடந்துச்சு. நெல்லும் மொளைச்சுது, நான் இல்லங்கல. ஆனா ரெண்டு மழை விழுந்ததும் கோரை பாரு, ஜமக்காளம் விரிச்ச மாதிரி. நடவு வயல்ல தண்ணி நிக்கும், களை அமுங்கிக் கெடக்கும். புழுதியில அதுக்கு யாரு கேள்வி? புரட்டாசி மொத வாரம் உத்திராபதி என் வாசல்ல வந்து நின்னான். தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, பதினஞ்சு பேராவது வேணும் காத்தாயி, களை எடுத்து, அடர்த்தியா இருக்கிற எடத்துல பிடுங்கி சொட்டையில ஊணணும், பத்து நாளைக்கு வேலை இருக்குன்னான்.

நான் முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தேன். புடைக்கிறதை நிறுத்தல.

"நடுறதுக்கு எங்களைக் கூப்பிடலீங்க. களைக்கு மட்டும் ஏன் கூப்பிடுறீங்க? தெளிச்ச கையாலேயே எடுத்துக்குங்க"ன்னேன்.

அவன் திரும்பிப் போயிட்டான். அவன் போற நடையைப் பாக்க எனக்கு எவ்வளவு சந்தோசம்னு நினைக்கிறே?

ஆனா எனக்குத் தெரியும், இவளுவள்ல ஒருத்தி ரெண்டு பேரு பின்வாசல் வழியா போவாளுவன்னு. பொம்பளைங்க புத்தி எனக்குத் தெரியாதா? அன்னைக்கே மாரியம்மன் கோயில் வாசலுக்கு எல்லாரையும் வரச் சொன்னேன். ஒரு குண்டான்ல மஞ்சத்தண்ணி. ஒவ்வொருத்தியா கையை முக்கி என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணணும். உத்திராபதி வயல்ல எறங்குறதில்லன்னு. இன்னைக்கு அவனுக்குக் களை எடுத்தா நாளைக்கு ஊரே தெளிக்கும், நடவுங்கிறதே இருக்காது, அடுத்து உங்க கஞ்சியில மண்ணுதான்னு சொன்னேன். தப்பா, சொல்லு? சரியாத்தானே சொன்னேன்? அஞ்சுகம்தான் மொதல்ல அடிச்சா. மத்தவளுவ சும்மா தொட்டாளுவ. அவ அடிச்ச அடி கை சிவந்துபோச்சு எனக்கு.

ஆறு நாள் தாங்குச்சு.

ஏழாம் நாளு என் ஓரகத்தி தையல்நாயகி எறங்கினா. என் புருஷனோட தம்பி பொண்டாட்டி. என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவ, வந்தப்ப நாத்துக் கத்தை, அந்த முடியைக்கூடத் தலைகீழாப் பிடிப்பா, நான்தான் கத்துக் கொடுத்தேன். அவ புருஷன் தண்ணிவண்டி, ரெண்டு பொண்ணுங்க நர்ஸுக்குப் படிக்குது. அதெல்லாம் தெரியும். எல்லா வீட்டுலயும்தான் ஏதாவது இருக்கு. காலையில எல்லாரும் பாக்க, என் வாசல் வழியா, கையில களைக்கொத்தும் சோத்துத் தூக்குமாப் போறா. ஒளிஞ்சு போயிருந்தாக்கூட மரியாதைன்னு நினைச்சிருப்பேன்.

"சத்தியத்துக்கு என்னடி பதில்?"னு கேட்டேன்.

"அம்மன் கேட்டா அம்மனுக்குச் சொல்லிக்கிறேன் அக்கா. பொண்ணுங்க கேட்டா என்ன சொல்றது?"ன்னா.

என்ன வாயி பாரு. நான் அவளோட பேச்சை நிறுத்திட்டேன். அவ எறங்கினா மத்தவளுவளுக்குக் கால் நிக்குமா? மறுநாள் ரெண்டு பேரு. அதுக்கடுத்த நாள் அஞ்சு. பத்து நாள்ல பதிமூணு பேரு அவன் வயல்ல. என் கட்டுல என்னையும் சேத்து ஒம்பது பேரு. கோரையப் பிடுங்குறாளுவ, கும்பலா மொளைச்சதைப் பிரிச்சுச் சொட்டையில வைக்கிறாளுவ. கோணல் மாணலா. நான் ரோட்டுல போறப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். ஓரக்கண்ணால பாத்ததே போதும். நடவு நட்ட கை இப்படியா வைக்கும்?

அப்ப அஞ்சுகம் வீட்டுல கஷ்டம். அவ புருஷனுக்குச் சர்க்கரை முத்தி ரெண்டு கால்விரலை எடுத்துட்டாங்க, அவரு வேலைக்குப் போறது இல்ல. ஆடியிலேருந்து நடவும் கிடையாது, ஆத்துல தண்ணி வரல. தையலு அவ வீட்டுக்கே போய்க் கூப்பிட்டிருக்கா, வா அஞ்சுகம், இன்னும் நாலு நாள் வேலை இருக்குன்னு. அதுக்கு இவ என்ன சொன்னாளாம் தெரியுமா? காத்தாயக்கா போகச் சொன்னா வர்றேன்னாளாம்.

இதை என்கிட்ட வந்து ஒருத்தி சொன்னா. எனக்கு அப்படியே மனசு குளுந்து போச்சு. பாத்தியாடி, அதுதான் ஆளு, நீங்கள்லாம் சோத்துக்குப் பொறந்தவளுவன்னு தெருவுல நின்னு சொன்னேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அஞ்சுகம் அவ வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. பெருமையா இருக்கு அவளுக்குன்னு நினைச்சேன்.

அன்னைக்கு நான் போகச் சொல்லியிருக்கலாம்னு நீ நினைக்கிறே. உன் மொகம் சொல்லுது. எனக்கு அது தோணல. நெசமாவே தோணல.

புரட்டாசி கடைசியில ஆத்துல தண்ணி வந்துச்சு. சந்தானம் ஓடி வந்தாரு. அவரு நாத்தங்கால்ல நாத்து அம்பது நாளாக் கெடக்குது, இருபத்தஞ்சு நாள்ல பிடுங்க வேண்டியது. தொட்டுப் பாத்தா கணு விட்டு மூங்கில் மாதிரி நிக்குது. அதெல்லாம் தூர் கட்டிக் கெளை விடாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லல. நடவு நடக்கணும்ல? வெளியூருலேருந்து பத்துப் பேரைச் சேத்துக்கிட்டு ஐப்பசி மொத வாரத்துல எறங்கி, பதினோரு நாள்ல முப்பது ஏக்கரையும் முடிச்சோம். என் குத்தகை நெலம் ரெண்டு மா இருக்கு, மூணு மா ஒரு ஏக்கரு, கோயில் நெலம், அதையும் நட்டோம். அஞ்சுகம் என் எடது பக்கம். அவ மெலிஞ்சுபோயிருந்தா, குனிஞ்சா முதுகெலும்பு எண்ணலாம், ஆனா கை தப்பல. முடிச்சுட்டு வரப்புல ஏறிப் பாத்தேன். என் ஆயுசுல அப்படி ஒரு நடவு நட்டதில்ல. ரோட்டுல போற பஸ்ஸுக்காரன் வேகத்தைக் கொறச்சுப் பாத்துட்டுப் போறான்.

நடவுக்கு எறங்கின பதினாலாம் நாளு மழை பிடிச்சுது. நாலு நாளு. ஆபீசரு சொன்ன மாதிரியேன்னு சொல்லாத, யாரு வேணும்னாலும் சொல்லலாம், ஐப்பசியில மழை வரும்னு சொல்றதுக்குப் படிப்பு வேணுமா? வடிகால் எல்லாம் நெறஞ்சு, கடல் பக்கம் தண்ணி எறங்கல, எங்க ஊரு தாம்பாளம் மாதிரி நின்னுச்சு. ஒம்பது நாள். நாங்க பள்ளிக்கூடத்து மாடியில. மேலேருந்து பாத்தா எங்க பாத்தாலும் ஒரே தண்ணி, எது வயலு எது வாய்க்காலுன்னு தெரியல. ஒரு எடத்துல மட்டும் பச்சையா மினுக்கு மினுக்குன்னு எலை நுனி தெரிஞ்சுது. எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நின்னாளுவ. உத்திராபதி வயலு. அவனும் அங்கதான் நின்னான், சுவத்தோரமா, கையைக் கட்டிக்கிட்டு. ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தான்னா நான் நாலு கேட்டிருப்பேன். அவன் அதுக்கும் எடம் கொடுக்கல.

தண்ணி வடிஞ்சதும் நான் சந்தானம் வயலுக்குத்தான் மொதல்ல போனேன். நாத்தம் தாங்கல. எல்லாம் அழுகிச் சேத்தோட படிஞ்சு கெடக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. வரிசை அப்படியே இருந்துச்சு. அடிக்கட்டை ஒவ்வொண்ணும் நாங்க வச்ச எடத்துல, ஒரு விரக்கடை அசையாம. அழுகினது நாத்து, என் நடவு அழுகல. இதைச் சந்தானத்துக்கிட்டச் சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. அதுக்கப்புறம் அவரு என் வாசலுக்கு வந்ததில்ல.

என் ரெண்டு மாவும் போச்சு. ஊருல நாத்து கிடையாது. இனிமே நாத்து விட்டு நட நாளும் கிடையாது. வருஷத்துக்கு வீட்டுச் சாப்பாட்டு நெல்லு அதுலதான் வரணும். எம் புருஷன், அவரு எதுக்கும் வாயத் தெறக்காத மனுஷன், அவரே சொன்னாரு, உத்திராபதிகிட்டத் தூர் கேட்டுப் பாரேன்னு. தெரியாதுல்ல உனக்கு. வளந்த பயிரு பத்துப் பதினஞ்சு கெளை விட்டுருக்கும், அதுல பாதியப் பிரிச்சு வேரோட எடுத்து வேற வயல்ல நட்டா பிடிச்சுக்கும். வெள்ளத்துக்கு அப்புறம் அதுதான் ஒரே வழி.

நான் போகல. மூணு நாளு போகல. நாலாம் நாளு போனேன். அவன் வரப்புல நின்னு மருந்தோ என்னமோ கலக்கிக்கிட்டு இருந்தான். என்னைப் பாத்ததும், நான் கேக்கறதுக்கு முன்னாடியே, எடுத்துக்கோ காத்தாயி, அடர்த்தியா இருக்கிற எடமாப் பாத்து எடுன்னான். அடர்த்தியா இருக்கிற எடமாம். எங்க பிரிக்கணும்னு எனக்கு அவன் சொல்லித் தர்றான். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால சகிச்சுக்க முடியல. நீ அன்னைக்கு என்ன சொன்னேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் திரும்பிப் போயிருப்பேன், பட்டினி கெடந்திருப்பேன். அவன் கேக்கல. எறங்கினேன்.

சத்தியம் களையெடுக்கிறதுக்குத்தான். தூர் எடுக்கிறதுக்கு இல்ல. இதை நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன். உனக்கும் சொல்றேன்.

பயிரு தொடை ஒசரம். அடியில கையை விட்டா வேரு கெட்டியா இருக்கு, வெள்ளையா இருக்கு. ஒம்பது நாளு தண்ணியில கெடந்த பயிருன்னு சொன்னா நம்ப முடியாது. கோணல் மாணலா நட்டது, தெளிச்சது, எல்லாம் நிக்குது. நான் குனிஞ்சு பிரிச்சு எடுத்துக்கிட்டு இருக்கேன். காலையில ஒரு ஒம்பது மணி இருக்கும். ரோட்டுல யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு. நிமிந்து பாத்தேன். அஞ்சுகம். அவ பக்கத்துல அவ புருஷன் தடிய ஊணிக்கிட்டு. அவ தலையில ஒரு சாக்கு மூட்டை, கையில அடுப்புப் பாத்திரம் கட்டின துணி.

பல்லடத்துப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு ஆளு எடுக்குறாங்களாம், ரெண்டு பேரும் அங்கேயே தங்கிக்கலாமாம். எனக்குத் தெரியாது. எதுத்த வீடு, என்கிட்டச் சொல்லாம கெளம்பியிருக்கா. நான் உத்திராபதி வயல்ல நிக்கிறேன். முழங்கால் சேத்துல, ரெண்டு கையிலயும் அவன் பயிரு.

அவ ரொம்ப நேரம் நிக்கல. எப்பவும் போல மெதுவான குரல்லதான் கேட்டா.

"பயிரு நல்லாருக்காக்கா?"

என்ன சொல்றது? நல்லாருக்குன்னா? அவ மூட்டையச் சரி பண்ணிக்கிட்டுப் புருஷனைக் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், அழுதிருந்தா அதட்டிக் கூட்டிட்டு வந்திருப்பேன். மடச்சி. ஒருத்தி சத்தியம் வாங்கினா வாங்கினதுதான்னு பட்டினி கெடப்பாளா? பதிமூணு பேரு மீறினாளுவ, அவளுவ வீட்டுல இடியா விழுந்துச்சு? மூளை இல்லன்னு நான் சொன்னது சும்மாவா?

என் ரெண்டு மாவுல அந்தத் தூரை நான் ஒருத்தியா நட்டேன். எடது பக்கம் ஆளு இல்லாம வரிசை பிடிக்கிறது கஷ்டம், அதுவேற. தையில அறுத்தப்ப ஏழு மூட்டை வந்துச்சு. உத்திராபதிக்கு ஏதோ வந்துச்சு, பெருசா சொல்லிக்கிற மாதிரி இல்ல, மத்த யாருக்கும் ஒண்ணும் வராததால அது பெருசாத் தெரிஞ்சுது. அடுத்த வருஷம் ஊரே புழுதியில எறங்கிடுச்சு. சந்தானமும்தான். ஒரு வருஷம் பாத்துட்டு இவனுவளுக்கு ஞானம் வந்துடுச்சு. ஆடுங்க எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணு.

என் கட்டு அதோட கலைஞ்சுது. இப்பத் தையலுதான் ஆளு கட்டுறா. பதினாறு பேரு. ஆவணி கடைசியிலேருந்து கார்த்திகை வரைக்கும் களை, இட்டு நிரப்புறது, மறுபடி களை. நடவு பதினஞ்சு நாள்தான் இருந்துச்சு, இது ரெண்டு மாசம் இழுக்குதேன்னு அவளுவ பேசிக்கிறாளுவ. பேசட்டும். நானும் போன வருஷத்துலேருந்து போறேன். கூப்பிட்டா, போறேன். நான் இல்லன்னா எங்க ஊணணும், எத்தனை ஊணணும்னு அவளுவளுக்குத் தெரியாது. தையலு ஒரு நோட்டு வச்சுக்கிட்டு வரப்புல நின்னு பேரு எழுதுவா. என் பேரைக் கடைசியில எழுதுறா. வயசுல பெரியவன்னு ஒரு வார்த்தை மொதல்ல எழுதினா என்ன? கேக்கல நான். அவகிட்டப் போய் இதைக் கேப்பேனா?

அஞ்சுகம் மூணு வருஷமா ஊருப் பக்கம் வரல. பொங்கலுக்கு வரல. மாரியம்மன் தீமிதிக்கு வரல. அவ புருஷன் போன சித்திரையில செத்துப்போயிட்டாரு, அங்கேயே எரிச்சுட்டாங்களாம், எங்களுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும். தையலு போன் பண்ணினா. இனிமே அங்க ஒண்டியாக் கெடந்து என்ன பண்ணப் போறே, வந்துடு, இங்க வேலை இருக்குன்னு. அதுக்கு அவ கேட்டாளாம், எந்த வயலுன்னு. எல்லா வயலும்தான், உத்திராபதி வயல்ல ஆரம்பிக்கிறோம்னு இவ சொல்லியிருக்கா. நான் அங்க எறங்க மாட்டேன் தையலு, கையடிச்சிருக்கேன்னு போனை வச்சுட்டாளாம்.

இதைச் சொல்லிட்டுத் தையலு என்னைப் பாத்தா. எல்லாரும் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தோம், வரப்புல.

"நீங்க வாங்கினது அக்கா. நீங்கதான் போகணும்"ன்னா.

எனக்கு உத்தரவு போடுறா. நாத்து முடி பிடிக்கத் தெரியாதவ. அதுக்கு நான் என்ன சொன்னேன்னா, எனக்கு வேற வேலை இல்லையான்னு கேட்டேன். ஒரு வாரம் ஆச்சு. இன்னைக்குக் காலையில எந்திரிச்சேன், பஸ் ஏறிட்டேன். அவ சொன்னதுக்காக இல்ல. எனக்கு எடது பக்கம் ஒரு ஆளு வேணும். பதினாறு பேருல ஒருத்தி கையும் சரியில்ல.

பூசாரியைக் கேட்டேன், சத்தியத்தை எப்படி எறக்குறதுன்னு. ரெண்டு பேரும் வந்து நின்னு, வாங்கினவ வாயால வேணாம்னு சொல்லி, ஒரு தேங்காய் ஒடச்சாப் போதும்கிறான். அவனுக்கு என்ன, தேங்காய்ல பாதி அவனுக்கு. அவ ஊருக்கு வந்தாத்தானே கோயில்ல நிக்கிறது? சத்தியம் இருக்கிற வரைக்கும் வரமாட்டா. அதனால அங்கேயே சொல்லிடலாம்னு இருக்கேன். கோழிப்பண்ணை வாசல்ல. அங்க என்ன நாத்தமோ, எத்தனை பேரு நின்னு வேடிக்கை பாப்பாளுவளோ.

அஞ்சுகம், நீ கையடிச்சது போதும், நான் வேணாங்கிறேன், கெளம்புன்னு சொல்லணும். அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பெல்லாம் எனக்கு வராது. களைக்குத்தான் சத்தியம், தூருக்கு இல்லன்னு சொல்லலாம்னு மொதல்ல நினைச்சேன். உன்கிட்டச் சொன்ன மாதிரியே. ஆனா அதை அவகிட்டச் சொல்ல முடியாது புள்ளை. பதிமூணு பேரு எறங்கினப்போ அவ வீட்டோடதான் கெடந்தா, ஒருத்தி எறங்கினதையும் அவ கண்ணால பாக்கல. அவ பாத்தது என்னை ஒருத்தியைத்தான்.